முத்துச் சிப்பியும் மனித உடலும்: நொதிகள் குறித்து ஒரு விளக்கம்

கொற்கைத் துறையின் முத்தைப் பற்றிச் சங்கப் பாடல்கள் பலவிடத்தும் பேசுகின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தின் வணிகச் சிறப்பை எழுதி வைத்துள்ளார். மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்பது கவிஞர் மரபு. அக்கற்பனை அழகியது, இலக்கிய மாணவர் அதனை விட்டுவிட வேண்டியதில்லை. ஆயினும் முத்து உண்மையில் எவ்வாறு உருவாகிறது என்று வினவப் புகுந்தால், அவ்வினா நம்மைக் கடலடியிலிருந்து நம் குருதிக்கும், அங்கிருந்து புற்றுநோய் எனும் கொடிய பிணிக்கும் அழைத்துச் செல்கிறது. இம்மூன்று இடங்களிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள் பணி செய்கிறது. அதுவே நொதி, ஆங்கில வழியில் என்சைம் என்போம். தமிழ்த்துறை மலரில் இத்தகைய பொருளுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். முத்தைப் பாடிய மொழிக்கு முத்தின் வேதியியலையும் கூற இயலும் என்பதே நம் விடை.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். நொதித்தல் என்பது புளித்துப் பொங்குதல். மாவு நொதிக்கிறது; பதநீர் நொதித்தால் கள்ளாகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செருமானிய அறிஞர் கூனே 'என்சைம்' என்ற சொல்லைக் கிரேக்க மொழியிலிருந்து ஆக்கியபோதும் அவர் மனத்தில் இருந்தது இதே புளிப்புத்தான். ஆகவே நொதி எனும் தமிழாக்கம் மிகப் பொருத்தமானது. கலைச்சொல்லாக்கத்தில் இவ்வளவு இயல்பாக அமைந்த சொற்கள் சிலவே.

தூத்துக்குடி மாவட்டத்துப் பனைத் தொழிலாளர்க்கு நொதியின் இயல்பு ஏட்டுக் கல்வியின்றியே தெரியும். பாளையின் அடியில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகின்றனர். தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். மரமும் பாளையும் ஒன்றே. காற்றில் வந்து சேரும் நுண்ணுயிரான ஈஸ்டு, தன் நொதிகளைக் கொண்டு சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் அந்நுண்ணுயிரும் அதன் நொதிகளும் முடங்கிப் போகின்றன. நம் வீட்டுப் பெரியவர்கள் முன்னதைக் குழந்தைகளுக்கும் கொடுத்தனர். பின்னதை வாசற்படி ஏறவிடவில்லை. இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பே. நொதி தானே நன்மையும் அன்று, தீமையும் அன்று. எவ்விடத்தில், எந்நிலையில், எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது. புற்றுநோய்க்கும் நொதிக்கும் உள்ள தொடர்பை விளங்கிக்கொள்ள இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்தினால் போதும்.

நொதி என்பது யாது என்பதற்கு விடை காண நெடுங்காலம் ஆயிற்று. உயிருள்ள ஈஸ்டு இருந்தால்தான் நொதித்தல் நிகழும் என்று பலரும் கருதியிருந்த காலத்தில், 1897இல் எட்வர்டு பூக்னர் ஈஸ்டை அரைத்துப் பிழிந்து, உயிரணு ஒன்றேனும் இல்லாத சாற்றைக் கொண்டே சர்க்கரையை நொதிக்கச் செய்தார். 1926இல் அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர் வாளவரை விதையிலிருந்து யூரியேஸ் எனும் நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து, நொதி ஒரு புரதமே என்று காட்டினார். அவர் சிறுவயதில் வேட்டை விபத்தில் இடக்கையை இழந்தவர். அவர் கூற்றை அறிஞர் உலகம் ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தன. நோபல் பரிசு 1946இல்தான் வந்தது. மிகச் சில விலக்குகள் நீங்கலாக, நொதிகள் யாவும் புரதங்களே. இச்செய்தி பின்னர் நமக்குத் தேவைப்படும்.

இனி முத்துக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் கூட்டமாக வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பார் என்பர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தோலாயிரம் பார் அவற்றுள் பெயர் பெற்றது. 1961ஆம் ஆண்டோடு இங்கு அரசு நடத்திவந்த பெரும் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. சிப்பி வளம் குன்றியதே காரணம். 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர் அழகர்சுவாமியும் அவருடன் பணியாற்றியோரும் தூத்துக்குடியில் சிப்பியின் உடலுள் ஒரு சிறு மணியையும், வேறொரு சிப்பியின் மேலுறைத் திசுத் துண்டையும் வைத்து, உருண்டையான முத்தை விளைவித்தனர். இந்தியாவில் வளர்ப்பு முத்தின் வரலாறு அங்குதான் தொடங்குகிறது.

அத்திசுத் துண்டு மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து, அதன்மேல் ஏடு ஏடாகச் சுண்ணாம்பைப் படிய வைக்கிறது. முத்து என்பது பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், சிறுபகுதி புரதம். கால்சியம் கடல்நீரிலிருந்து கிடைக்கிறது. கார்பனேட்டுக்கு வேண்டிய கரி, கடல்நீரில் கரைந்துள்ளதும் சிப்பி மூச்சாக வெளிவிடுவதுமான கரியமில வாயுவிலிருந்து வருகிறது. அவ்வாயு நீரோடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாறுவதை விரைவுபடுத்தும் நொதிக்குக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்று பெயர். 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முத்துச் சிப்பியின் ஒளிரும் ஏட்டிலிருந்து நாக்ரீன் எனும் புரதத்தைப் பிரித்து ஆராய்ந்தபோது, அதனுள்ளேயே இந்நொதியின் அமைப்பு இருக்கக் கண்டனர். நாம் காதிலும் கழுத்திலும் அணியும் முத்தின் ஏடுகளுக்கிடையே அதனை ஆக்கிய கருவியும் பதிந்து கிடக்கிறது.

சிப்பியை எடுக்க மூச்சடக்கிக் கீழிறங்கும் குளிகாரரின் உடலிலும் அதே குடும்பத்து நொதி உழைத்துக்கொண்டிருக்கிறது. நீருக்கடியில் மூச்சு முட்டுவதற்கு முதற்காரணம் உயிர்வளிக் குறைவு என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் 'மேலே போ' என்று உடலை முதலில் உந்துவது குருதியில் சேரும் கரியமில வாயு. தசைகளில் உண்டாகும் அவ்வாயுவைச் சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு கரியமில வாயு இவ்வடிவில்தான் நுரையீரலுக்குப் பயணம் செய்கிறது. அங்கு அதே நொதி வினையைத் திருப்பி நடத்தி வாயுவாக்கி வெளியேற்றுகிறது. நொதியின்றி இவ்வினை தானாக நிகழப் பல விநாடிகள் வேண்டும். குருதியோ நுரையீரலின் நுண்குழல்களை ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் கடந்துவிடுகிறது. இந்த இடைவெளியை ஈடுசெய்யும் பொருட்டே, இந்நொதியின் மிக விரைவான வகை ஒன்றின் ஒரு மூலக்கூறு விநாடிக்குப் பத்து இலட்சம் முறை அளவில் வினை புரிகிறது. அதன் நடுவே இருப்பது ஒரே ஒரு துத்தநாக அணு.

1933இல் சிவப்பணுக்களில் கண்டறியப்பட்ட இந்நொதிக்கு மனித உடலில் 15 வடிவங்கள் உண்டு என்பது இன்று தெரிந்த செய்தி. இரைப்பையில் அமிலம் சுரக்கவும், சிறுநீரகத்தில் அமிலக் கழிவு நீங்கவும், கண்ணினுள் நீர் ஊறவும் இது வேண்டும். கண்ணீர் அழுத்த நோய்க்கு மருத்துவர் தரும் அசிடசோலமைடு மாத்திரை இந்நொதியைத் தடுத்தே அழுத்தத்தைக் குறைக்கிறது. இரண்டாம் வடிவம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு எலும்பு அளவுக்கு மீறி இறுகிவிடும். குருதியில் அமிலம் தேங்கும். 1983இல் இக்காரணம் தெளிவாயிற்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தாலன்றி இந்நோய் தோன்றாது. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு மிகுதி. நம் சமுதாயப் பெரியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது, விரிப்பின் தனிக்கட்டுரையாகும்.

இத்தகைய நொதி புற்றுநோயில் என்ன செய்கிறது?

1920களில் ஓட்டோ வார்பர்க் என்ற செருமானிய அறிஞர் ஒரு வியப்பைக் கண்டார். நலமான உயிரணுக்கள் உயிர்வளி கிடைக்கும்போது சர்க்கரையை முழுதும் எரித்து ஆற்றல் பெறுகின்றன. புற்றணுக்களோ உயிர்வளி இருந்தும் சர்க்கரையைப் பெருமளவில் நொதிக்க வைத்து லாக்டிக் அமிலமாக்கி வெளியேற்றுகின்றன. கள் கலயத்தில் நடப்பதற்கு ஒப்பான செயல் இது. சாராயத்துக்கு மாறாக அமிலம் உண்டாகிறது என்பதே வேறுபாடு. இந்த அமிலம் உயிரணுவினுள் தேங்கினால் புற்றணுவே மடிந்துபோகும். தப்பிப் பிழைக்க அதற்கு ஒரு வழி வேண்டும்.

அவ்வழியைத் திறந்து விடுவது நம் பழைய நண்பனாகிய கார்பானிக் அன்ஹைட்ரேஸின் ஒன்பதாம் வடிவம். 1990களின் தொடக்கத்தில் பிராட்டிஸ்லாவா நகரத்து ஆய்வாளர்கள் இதனைக் கண்டறிந்தனர். நலமான உடலில் இது பெரிதும் இரைப்பை போன்ற சிலவிடங்களில் மட்டுமே காணப்படும். கட்டியொன்று வளர்ந்து அதன் உட்பகுதிக்குக் குருதி எட்டாமல் உயிர்வளி குன்றும்போது, அவ்வணுக்களில் உறங்கிக் கிடந்த இந்த மரபணு விழித்தெழுகிறது. நொதி உயிரணுவின் வெளிமுகத்தில் நின்று கரியமில வாயுவைப் பைகார்பனேட்டாகவும் அமிலமாகவும் பிரிக்கிறது. பைகார்பனேட்டு மீண்டும் உள்ளே சென்று அங்குள்ள அமிலத்தை ஆற்றுகிறது. பிரிந்த அமிலம் வெளியே தங்குகிறது. புற்றணுவின் உள்வீடு தூய்மையாகிறது, அண்டை வீட்டின் முற்றம் பாழாகிறது. அமிலம் தோய்ந்த சுற்றுப்புறத்தில் நலமான அணுக்கள் நலிய, புற்று மேலும் பரவ இடம் கிடைக்கிறது. உயிர்வளியின் ஏற்ற இறக்கத்தை உயிரணு உணரும் முறையைக் கண்டறிந்த மூவர்க்கு 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஒன்பதாம் வடிவத்தைத் தடுக்கும் மருந்துகள் நோயாளரிடம் சோதிக்கப்பட்டுள்ளன. வழக்கமான மருத்துவத்தில் அவை இன்னும் இடம்பெறவில்லை.

முத்தை விளைத்த வேதிவினைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஏவல் மட்டுமே மாறியிருக்கிறது.

இவ்வாறு ஏவல் பிறழ்ந்த நொதிகள் இன்னும் பல. திசுக்களைக் கட்டி நிறுத்தும் நார்ப்புரதத்தைக் கரைக்கும் நொதியை 1962இல் அறிஞர் இருவர் தலைப்பிரட்டையின் வாலில் கண்டனர்; தவளையாகும் காலத்தில் வால் மறைவது அதனால்தான். புண் ஆறும்போது நம் உடலும் அவ்வினத்து நொதிகளைப் பயன்கொள்கிறது. புற்றணுவோ அவற்றைக் கொண்டு வேலியை அரித்து வெளியேறுகிறது. பெரியவர்கள் பலரும் அறிந்த பி.எஸ்.ஏ. குருதிச் சோதனையில் அளக்கப்படுவதும் ஆண்களுக்குரிய புராஸ்டேட் சுரப்பியின் ஒரு நொதியே. அதன் அளவு வீக்கத்தாலும் அழற்சியாலும்கூட உயரும். கூடியிருப்பதைக் கண்டவுடன் புற்றுநோய் என்று அஞ்சிவிட வேண்டியதில்லை, புறக்கணிக்கவும் வேண்டியதில்லை.

ஈண்டு ஒரு தடையை எழுப்பி ஆராய வேண்டியுள்ளது. ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்தால், நலம் விசாரிக்க வருவோர் பழங்களோடு யோசனைகளையும் கொண்டுவருவது நம்மிடை வழக்கம். பப்பாளி இலைச்சாறு, அன்னாசித் தண்டு, டப்பாவில் அடைத்த 'என்சைம்' பொடி ஆகியன அவற்றுள் சில. நொதி குறைந்ததால் புற்று வந்தது, நொதியை உண்டால் போய்விடும் என்பது அவர்கள் கூறும் காரணம். இக்கருத்து நம்மூரில் பிறந்ததன்று. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கருவியல் கற்பித்த ஜான் பியர்டு என்பவர் 1906இல் கணைய நொதி புற்றை அழிக்கும் என்று கூறி, 1911இல் அது குறித்து நூலும் எழுதினார். பின்னர் அமெரிக்காவில் சிலர் அதற்குப் புத்துயிர் ஊட்டினர்.

முன்னர்க் கூறியதை நினைவுகூர்வோம்: நொதி ஒரு புரதம். உண்ட புரதம் எதுவாயினும் இரைப்பையின் அமிலமும் குடலின் நொதிகளும் அதனைச் சிறு துண்டுகளாக்கி விடுகின்றன. மீனும் பருப்பும் செரிப்பது போலவே விழுங்கிய நொதியும் செரிக்கிறது. கட்டி இருக்கும் இடத்துக்கு அது தன் உருவோடும் வலிமையோடும் போய்ச் சேர்வதில்லை. கணையம் பழுதுற்றோர்க்கு மருத்துவர் தரும் நொதி மாத்திரை குடலுக்குள்ளேயே நின்று உணவைச் செரிக்க உதவுகிறது. அவ்வளவே அதன் பணி. அம்மாத்திரைகள் பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. ஆதலின் நம்மவர் மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுத் தெளிவது முறை. தாமாகவே நிறுத்திவிடுவது முறையன்று.

காரணம் காட்டிப் பேசுவதோடு அறிவியல் நின்றுவிடவில்லை, சோதித்தும் பார்த்தது. அமெரிக்காவில் கணையப் புற்றுநோயாளர் 55 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2010இல் வெளியாயிற்று. யார் எம்முறையைப் பெறுவது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்ய இயலாமற்போகவே, நோயாளரே தத்தமக்குரிய முறையைத் தேர்ந்தனர். வழக்கமான மருந்து பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 14 மாதங்கள். கணைய நொதியையும் அதனோடு கூடிய உணவுமுறையையும் கைக்கொண்டோர்க்கு 4.3 மாதங்கள். எண்கள் சிறியனவாகத் தோன்றலாம். ஒரு குடும்பத்துக்குப் பத்து மாதங்கள் என்பது ஒரு மகளின் திருமணத்தைக் கண்டுவிட்டுச் செல்லும் காலம்.

அப்படியாயின் நொதி மருந்தே ஆகாதா? ஆகும், ஆயின் விழுங்கும் பொடியாக அன்று. 1953இல் நியூயார்க்கில் ஜான் கிட் என்பவர் புற்றுக்கட்டி உள்ள சுண்டெலிகளுக்குக் கினிப்பன்றியின் குருதி நீரை ஏற்றினார். (பெயரில் பன்றி இருப்பினும் அது கொறிவிலங்கினத்தைச் சேர்ந்தது, தமிழில் சீமைப் பெருச்சாளி என்பாரும் உளர்.) கட்டிகள் கரைந்தன. வேறு விலங்குகளின் குருதி நீருக்கு அவ்வாற்றல் இல்லை. எட்டாண்டுகள் கழித்து ஜான் புரூம் என்பவர் விடை கண்டார்: அக்குருதி நீரில் இருந்த அஸ்பராஜினேஸ் எனும் நொதியே அதனைச் செய்தது. அஸ்பராஜின் என்பது புரதம் கட்டப் பயன்படும் ஒரு கல். நம்மூர்த் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனத்துச் செடியிலிருந்து 1806இல் பிரான்சில் முதன்முதலாகப் பிரிக்கப்பட்டது. நலமான உயிரணு அதனைத் தானே செய்துகொள்ளும். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில், நோயுற்ற அணுக்கள் அதனைப் போதுமான அளவு செய்ய மாட்டா; குருதியில் மிதப்பதையே நம்பி வாழும். ஊசி வழியே செலுத்தப்படும் நொதி, குருதியில் உள்ள அஸ்பராஜினைச் சிதைத்துவிடுகிறது. நலமான அணு தன் அடுப்பில் சமைத்துக்கொள்ள, கடையை நம்பிய புற்றணு பட்டினியால் சாகிறது.

இந்நொதியை இன்று பாக்டீரியாவில் விளைவிக்கின்றனர். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், மும்பை டாடா மருத்துவமனையும், தில்லி எய்ம்ஸ் நிறுவனமும் 1984 முதல் ஒரே மருத்துவத் திட்டத்தை இக்குழந்தைகளுக்குக் கையாண்டன. அஸ்பராஜினேஸ் அதில் இடம்பெற்ற மருந்துகளுள் ஒன்று. அதற்கு முன் ஐவரில் ஒருவர் பிழைப்பதே அரிதாயிருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மருத்துவம் பெற்ற இத்திட்டத்தில் பிழைத்தோர் விகிதம் பாதியை ஒட்டி உயர்ந்தது. பின்வந்த முறைகள் அதனை மேலும் உயர்த்தியுள்ளன.

இம்மருத்துவம் இரண்டாண்டை ஒட்டியோ அதற்கு மேலோ நீள்வது. முதல் மாதத்திலேயே காய்ச்சல் நின்று, குழந்தை ஓடியாடத் தொடங்கிவிடும். முத்துநகர் விரைவு ரயிலில் சென்னைக்கும் தூத்துக்குடிக்குமாக அலைந்து, வேலையும் கூலியும் இழந்த தந்தைக்கு அப்போது 'பிள்ளை தேறிவிட்டான், போதும்' என்று தோன்றுவது இயல்பே. குருதியில் கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருக்கும் அணுக்கள் அந்த இடைவெளிக்கே காத்திருக்கின்றன. ஜமாஅத்துகளும் கல்லூரி மாணவரும் உதவ விரும்பினால், முதல் மாதத்துக்குத் திரட்டும் பெருந்தொகையைவிட எட்டாம் மாதத்துப் பயணச் செலவும் தங்குமிடமும் பயன்மிக்கவை என்பது நம் கருத்து.

நொதியைக் கொடுப்பது ஒரு மருத்துவம் என்றால், பிறழ்ந்த நொதியைத் தடுப்பது மற்றொன்று. பெரியவர்க்கு வரும் நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில், 9ஆம் 22ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் இயற்கையில் இல்லாத ஒரு நொதி உருவாகிறது. 'பெருகு, பெருகு' என்று இடைவிடாது ஆணையிடுவதே அதன் தொழில். இமாடினிப் எனும் மாத்திரை அந்நொதியின் வாயை அடைக்கிறது. 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, சில ஆண்டுகளில் உயிரைக் குடித்த நோயை நெடுநாள் வாழக்கூடிய நோயாக்கிற்று.

அதன் விலை குறித்த வழக்கின் பெரும்பகுதி தமிழ்நாட்டில் நடந்தது என்பது நம் மாணவர் பலர் அறியாதது. நோவார்டிஸ் நிறுவனம் அம்மருந்தின் படிக வடிவம் ஒன்றுக்குக் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. தெரிந்த பொருளின் புதிய வடிவத்துக்குப் பயன் கூடியிருந்தாலன்றிக் காப்புரிமை இல்லை என்னும் சட்டப்பிரிவையே எதிர்த்து நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளியது. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்துத் தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் மருந்து மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் என்றும், இந்திய நிறுவனங்களின் மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய் என்றும் அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின.

இமாடினிப்பை நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். மாத்திரை நொதியை அடக்குகிறதே தவிர, அதனைப் பிறப்பிக்கும் மரபணுவை அகற்றுவதில்லை. நோயாளர் தாமாக நிறுத்தினால் நொதி மீண்டும் தலைதூக்கக்கூடும். சிலர்க்கு ஆண்டுகள் சென்றபின் நிறுத்திப் பார்க்க இயலும். குருதியில் அம்மரபணுவின் சுவடு எவ்வளவு எஞ்சியுள்ளது என்று அளந்து, நிறுத்திய பின்னும் அடிக்கடி அளந்துகொண்டே மருத்துவர் அதனை முடிவு செய்கின்றனர்.